கோரக்கர் மூலிக்கு ஒரு கையெழுத்து

தை ஐந்தாம் நாள் எங்கள் சோரியாங்குப்பத்தில் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரத்துச் சாமிகள் டிராக்டரிலும் மினி லாரியிலும் ஏறி வந்து, தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்காக வரிசை கட்டி நிற்பார்கள். சாமிகளுக்குப் பின்னால் ராட்டினம், வளையல் கடை, குவியல் குவியலாகச் சுருளிக்கிழங்கு. கிழங்கு வாங்காமல் வீட்டுக்குப் போனவனை எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்குப் போனவனாகவே சேர்க்க மாட்டார்கள்.

பெஞ்சல் புயல் வெள்ளம் வடிந்து ஐம்பது நாள்கூட ஆகாத அந்தத் தை மாதத்துத் திருவிழாவுக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் வந்திருந்தான். சாமி பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தோள்பையைத் திறந்தான். அட்டை, கிளிப், அதில் செருகிய ஒரு கத்தைத் தாள், மூன்று பேனா. தாளின் தலையில் ஏழு விரல் விரித்த பச்சை இலை.

"இன்னாடா இது, மரவள்ளி இலையா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க பெரிப்பா."

தெரியாமல் என்ன. கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்க வேண்டும், அரசே உரிமம் கொடுத்து விற்க வேண்டும், வரி போட வேண்டும், அந்த வரியைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செலவழிக்க வேண்டும் என்று தாளில் நாலு வரி இருந்தது. கோரிக்கை அடிமட்டத்திலிருந்து எழும்பினால்தான் டெல்லியில் மதிப்பார்கள் என்று முடிவு செய்திருக்கிறார்களாம். முடிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். பெங்களூரில் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கும் ஆறு பேர். அவர்களில் அடிமட்டம் கைவசம் இருந்தவன் இவன் ஒருவன்தான். அந்த அடிமட்டம் நாங்கள்தான்.

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. போதையை அனுமதித்து, ஏலம் விட்டு, வரி வசூலித்து, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைப்பதென்றால் என்னவென்று ஒரு சோரியாங்குப்பத்துக்காரனுக்குச் சொல்லித் தர இவன் கனடாவிலிருந்து கணக்கு கொண்டு வந்திருக்கிறான்.

எங்கள் ஊர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, பாகூர் கொம்யூன். அந்தப் பக்கம் தமிழ்நாடு, கடலூர் மாவட்டம். நடுவில் ஓடுகிற ஆறு ஒன்றுதான். ஆனால் சட்டம் எப்போதும் இரண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பரில் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொம்யூன், மேரி, பக்கத்து ஊர் கொமந்தான்மேடு என்று சில சொற்களை விட்டுப் போனார்கள். சாராயக் குத்தகையையும் விட்டுப் போனார்கள். அந்தப் பக்கத்தில் ராஜாஜி காலத்து மதுவிலக்கு. இந்தப் பக்கத்தில் கடை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலோ அதற்குப் பிறகோ எங்கள் பக்கத்தில் கடை மூடிக் கிடந்தது என்று தாத்தா சொல்லி நான் கேட்டதில்லை.

1971 ஆகஸ்டு கடைசியில் கருணாநிதி அந்தப் பக்கம் மதுவிலக்கைத் தள்ளி வைத்தார். 1973-இல் கள்ளுக்கடையையும் 1974-இல் சாராயக்கடையையும் அவரே மூடினார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மூடிய மறுநாள் சாயந்தரத்திலிருந்து எங்கள் ஆற்று மணலில் தடம் விழ ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் கோடை வந்தால் ஆறு முழுக்க மணல்தான், நடந்தே வந்துவிடலாம். (இப்போது மணல் எங்கே போனது என்று கேட்காதீர்கள். அது இன்னொரு போதை.) மஞ்சகுப்பத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். சைக்கிளில் சுற்றி வருகிறவர்கள் கடைக்கு வெளியே புளியமரத்தடியில் வண்டியைச் சாய்ப்பார்கள். போதையில் ஆள் மாறி வண்டி மாறிப் போகும் என்பதால் காவலுக்குப் பையன்கள் தேவைப்பட்டார்கள். ஒரு சைக்கிளுக்கு ஐந்து காசு. என்னுடைய முதல் சம்பாத்தியம் தமிழ்நாட்டு மதுவிலக்கு போட்டது.

வந்தவர்கள் குடித்துவிட்டு மட்டும் போகவில்லை. லாரி டியூபில் சாராயத்தை நிரப்பி, இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆற்றில் இறங்குவார்கள். வருகிறபோது ஒல்லியாக வந்தவர்கள் போகிறபோது தொந்தியோடு போவார்கள். அக்கரையில் வேலிக்கருவை மறைவில் போலீஸ் நிற்கும். சில நாள் தொந்தி குறையும், சில நாள் பணம் குறையும். 1981 மே முதல் நாள் எம்.ஜி.ஆர். அந்தப் பக்கம் கடை திறந்ததும் எங்கள் மணலில் தடம் அழிந்துபோனது. புளியமரத்தடி வெறிச்சோடியது. 1987-இல் அவரே கள்ளை மறுபடி தடுத்தார். 1991-இல் ஜெயலலிதா மலிவு விலை மதுவை மூடினார். 2003 கடைசியில் டாஸ்மாக்கே சில்லறை விற்பனையில் இறங்கியது. அக்கரையில் ஒவ்வொரு முறை சட்டம் புரண்டு படுத்தபோதும் எங்கள் ஊர்க் கடையின் ஏலத் தொகை ஏறியது அல்லது இறங்கியது. சென்னைக் கோட்டையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் பேப்பர் வாங்க வேண்டியதே இல்லை.

அந்த நாளில் கஞ்சா எங்கே இருந்தது? அதைத்தான் தம்பி மகன் நம்ப மாட்டேன் என்கிறான். கொல்லையில் இருந்தது.

என் பாட்டி தும்பைக்கும் கீழாநெல்லிக்கும் நடுவில் ஒரு செடி வைத்திருந்தாள். யாரும் அதைப் பெரிதாகப் பார்த்ததில்லை. மாட்டுக்கு வயிறு உப்பினால் இரண்டு இலையை வெல்லத்தில் வைத்துக் கொடுப்பாள். நாட்டு வைத்தியர்களுக்கு அது கோரக்கர் மூலி, சிவமூலி. மதன காமேஸ்வர லேகியத்தில் அது சேர்மானம் என்று வைத்தியர் சொல்வார். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார், அதற்குக் காரணம் மூலிகை இல்லை, லேகியத்தின் வேலை. திருவண்ணாமலைக்கு நடக்கிற சாமியார்கள் ஆற்றங்கரையில் தங்கினால் சிலும்பியை எடுப்பார்கள். ஊர்ப் பெண்கள் மோர்ச்சோறு கொண்டு போய் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். அதே பெண்கள் சாராயக்கடை வாசலைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். குடிகாரன் வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். சிலும்பிக்காரனுக்கு எப்படியும் பெண் கொடுக்கப் போவதில்லை, அவன் சாமியார். ஊர் வகுத்து வைத்திருந்த மரியாதை அது. சட்டத்தில் அது நேர் தலைகீழ் ஆயிற்று.

1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அமலுக்கு வந்த தேதி நவம்பர் 14. எனக்கு நன்றாக நினைவிருப்பதற்குக் காரணம் சட்டம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது, பள்ளிக்கூடத்தில் நேரு படத்துக்கு ரோஜா குத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் பாட்டி குற்றவாளி ஆகியிருக்கிறாள். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்துத்தான், வழியில் மோர் கேட்டு வந்த ஒரு ஏட்டையா கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்துப் பதறிப்போனார்.

"பாட்டி, இத வெச்சிருந்தா அஞ்சு வருஷம் உள்ள போவணும்!"

"யாரு? நானா, மாடா?"

ஏட்டையாவே செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னொரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் நேராக எந்தக் கடைக்குப் போனார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அது அரசு ஏலம் விட்ட கடை, தப்பு ஒன்றும் இல்லை.

இந்தச் சட்டத்துக்கு முன்னால் கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் அரசு உரிமம் பெற்ற கஞ்சாக் கடையே இருந்தது. இன்றைக்கும் உத்தரப் பிரதேசத்தில் பாங்கு கடையைக் கலால் துறை உரிமம் கொடுத்து நடத்த விடுகிறது. சட்டம் செடியைக் கூறுபோட்ட விதம் அப்படி. பூவும் காயும் உள்ள கொழுந்து கஞ்சா, அது குற்றம். கொழுந்து ஒட்டாத வெறும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. ஆக, பாட்டி மாட்டுக்குக் கொடுத்த இலை குற்றமில்லை, இலை தந்த செடியை வளர்த்தது குற்றம். ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவனை ஜெயிலிலும் இளையவனைக் கோயில் பிரசாதத்திலும் வைத்த மாதிரி. இதைச் சொன்னதும் தம்பி மகனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. செல்போனை எடுத்தான்.

"அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 2012-ல ஜனங்களே ஓட்டுப் போட்டு அனுமதிச்சாங்க பெரிப்பா. வரியில முதல் நாலு கோடி டாலர் பள்ளிக்கூடம் கட்டறதுக்குன்னு எழுதியே வெச்சாங்க. உருகுவே 2013. கனடா 2018 அக்டோபர். ஜெர்மனி 2024. நாம எங்க இருக்கோம்?"

"நாம 1894-ல இருக்கோம்" என்றேன்.

உண்மைதான். லண்டன் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்விக்காக 1893-இல் வெள்ளைக்காரர்கள் ஒரு கமிஷன் போட்டார்கள். ஏழு பேர், அதில் மூன்று பேர் இந்தியர்கள். ஊர் ஊராகப் போய் டாக்டர், வைத்தியர், தாசில்தார், சாமியார் என்று 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். அளவாகக் குடிப்பதால் பெரிய கேடு இல்லை, முழுக்கத் தடுப்பது தேவையும் இல்லை நடக்கவும் நடக்காது, உரிமம் கொடுத்து வரி போட்டுக் கட்டுக்குள் வையுங்கள் என்று மறு வருஷம் அறிக்கை கொடுத்தார்கள். அடிமட்டத்தில் கேட்டு எழுதியது என்றால் அதுதான். இவன் தாளில் உள்ள நாலு வரியில் மூன்று அதில் இருக்கிறது. ஆனால் 1961-இல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்குள் இந்தப் பழக்கத்தை ஒழித்துக்கட்டுங்கள் என்று நமக்குக் கெடு வைத்தார்கள், நாமும் ஒழித்துக்கட்டினோம். கெடு வைத்த நாடுகளில் சில இப்போது கடை திறந்து வைத்துக்கொண்டு, இதற்கு நீங்கள் எப்போது மாறப் போகிறீர்கள் என்று நம் பையன்கள் வாயால் நம்மைக் கேட்கின்றன. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கொடிய பட்டியலிலிருந்து எடுக்க ஓட்டெடுப்பு நடந்தபோது இந்தியா எடுக்கலாம் என்றே ஓட்டுப் போட்டது. உள்ளூரில் கஞ்சா வைத்திருந்தவனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் ஜாமீன் கிடைத்திருக்காது.

தாய்லாந்தும் அவன் பட்டியலில் இருந்தது, 2022 ஜூனில் தடையை எடுத்தது என்று. அவன் வந்து போன ஐந்தாம் மாதமே தாய்லாந்து திரும்பவும் டாக்டர் சீட்டு இருந்தால்தான் என்று இறுக்கிவிட்டது. போன் பண்ணிச் சொன்னேன். "அது அரசியல் பெரிப்பா" என்றான். 1974-க்கும் 1981-க்கும் நடுவில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவனிடம் சொல்கிறான்.

பள்ளிக்கூடத்துக்கு வரி என்றானே, அங்கே வருகிறேன். நான் முப்பத்து நாலு வருஷம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். வில்லியனூர் பக்கம் அரியப்பாளையத்தில் அரசின் வடிசாலை இருக்கிறது. சாராயம் அங்கிருந்து கடைகளுக்கு வருகிறது. கடைகளை அரசு ஏலம் விடுகிறது. எடுத்தவர் மாதாமாதம் கிஸ்தி கட்டுகிறார். நிலம் குறைவாகவும் கடை அதிகமாகவும் உள்ள எங்கள் புதுச்சேரியில் கலால் வருமானம் இல்லாமல் எந்த முதலமைச்சரும் பட்ஜெட் வாசித்ததில்லை. என் சம்பளம் அதில் எத்தனை கிளாஸ் என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரொட்டியும் பாலும் கொடுப்போம். எடுத்துக் கொடுக்கிற பெண்களுக்கு ரொட்டிப்பால் ஆயாக்கள் என்றே பெயர். அந்தப் பாலிலும் அப்பன்மார் நேற்றுச் சாயந்தரம் ஊற்றியது கொஞ்சம் கலந்திருக்கும். அப்பன் குடித்தால்தான் பிள்ளைக்குப் பால் என்று ஒரு தடவை ஆசிரியர் அறையில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வருஷம் தவறாமல் ஜூன் 26-ஆம் தேதி போதை ஒழிப்பு உறுதிமொழி. நான் வாசிப்பேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். அப்புறம் பேரணி. ஒரு வருஷம் வெயில் தாங்கவில்லை. பேரணி போகிற வழியில் நிழல் என்று இருந்தது சாராயக்கடைக் கொட்டகை ஒன்றுதான். கடையில் கணக்கு எழுதுகிறவர் என்னிடம் படித்தவர். "சார், புள்ளைங்க வாடிப் போச்சு, உள்ள நிக்கட்டும்" என்று கூப்பிட்டு ஒரு பானை மோர் கொடுத்தார். 'போதை குடி கெடுக்கும்' என்ற அட்டைகளைக் கொட்டகைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளைகள் மோர் குடித்தார்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் அங்கேயே அப்பாவைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் மிட்டாய்க்குக் காசு வாங்கின. மோர் நன்றாக இருந்தது.

இதைச் சொன்னால் தம்பி மகன் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறான். தடுத்தால் டியூப், அனுமதித்தால் கணக்கு, அதுதானே நீங்கள் பார்த்தது என்கிறான். பாதி ஒத்துக்கொள்கிறேன். சாராயக்கடையே இல்லாத தமிழ்நாட்டில்தான் 2023 மே மாதம் மரக்காணத்தில் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துச் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். அரியப்பாளையத்துச் சாராயத்தைக் குடித்து எங்கள் ஊரில் யாரும் அப்படி ஒரே ராத்திரியில் சாகவில்லை. இருபது வருஷம் எடுத்துக்கொண்டார்கள். என்னோடு எட்டாவது படித்தவர்களில் புளியமரத்தடியில் சைக்கிள் பார்த்தவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் ஐம்பது வயதைத் தாண்டவில்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஒவ்வொருவராக. அதற்கு டிவிக்காரர்கள் வரவில்லை, நிவாரணம் அறிவிக்கவில்லை. உரிமம் பெற்ற கடை, தரமான சரக்கு, வரி கட்டிய சாவு.

பெண்கள் மறியல் செய்யாமல் இல்லை. ஊருக்கு நடுவில் இருந்த கடையை எடு என்று துடைப்பத்தோடு உட்கார்ந்தார்கள். கடை கொஞ்ச தூரம் தள்ளிப் போனது. நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை கூடாது என்ற சுப்ரீம் கோர்ட் உத்தரவு 2017-இல் அமலானபோது, சாலையில் இருந்த கடைகள் ஊர்களுக்குள் இடம் தேட ஆரம்பித்தன. 2020 கொரோனாவில் வரியை ஏற்றி அக்கரை விலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சில மாதம் கடலூர்க்காரர்கள் வரவில்லை, சாராயக்கடை வாசலில் தொட்டுக்க விற்கும் சாக்னா கடை அக்காவுக்கு அவித்த முட்டை மிஞ்சியது. வரி எடுத்ததும் வந்துவிட்டார்கள். அரசாங்கம் கூட்டாளியாகச் சேர்ந்துவிட்ட கடையைத் தள்ளி வைக்கலாம், விலை ஏற்றலாம், பெயர் மாற்றலாம். இக்கரையில் மூடிவிட்டதை நான் பார்த்ததில்லை. இவன் கேட்கிற கடைக்கும் கிஸ்தி என்று ஒன்று வந்தபிறகு என்ன நடக்கும் என்பதை எனக்குப் பெங்களூரிலிருந்து வந்து யாரும் சொல்ல வேண்டாம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மக்களே எழுப்பிய கோரிக்கை ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அது கள். பனையும் தென்னையும் வைத்திருப்பவர்கள் பல வருஷமாகக் கேட்கிறார்கள். கள் இயக்கம் நல்லசாமி தடையை மீறிக் கள் இறக்கும் போராட்டம் நடத்துகிறார். 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனை ஏறிக் கள் இறக்கினார். கள் உணவுதான் என்று அங்கே வாதம் நடக்கிறது. இங்கே கள்ளுக்கடை ஏலத்தில் போகிறது. அக்கரையில் சிறைக்குப் போகும் போராட்டம் இக்கரையில் சுண்டலோடு முடிந்துவிடும்.

கஞ்சா விஷயத்தில் மட்டும்தான் இரண்டு கரைக்கும் ஒரே சட்டம். என் வாழ்நாளில் தென்பெண்ணையின் இரு கரையும் ஒத்துப்போன ஒரே போதை இது. ஒத்துப்போய் என்ன, இப்போது ராத்திரியில் ஆற்றுக் கரையில் நடந்தால் சின்னச் சின்னப் பொட்டலத் தாள் காலில் ஒட்டுகிறது. சாமியார்கள் இல்லை. மீசை அரும்பாத பையன்கள். பீடியை உருட்டிப் புகையிலையைக் கொட்டிவிட்டு அடைக்கிற வித்தையை என்னிடம் படித்தவனின் மகன் செய்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து "வணக்கம் சார்" என்கிறான். மரியாதை கெடவில்லை. சரக்கு ஆந்திரா மலையிலிருந்து ரயிலில் வருகிறது என்று பேப்பரில் படிக்கிறோம். பாட்டியின் கொல்லைச் செடியைப் பிடுங்கிப் போட்ட இடத்துக்கு எத்தனையோ நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து சேர்ந்துவிட்டது. ஒரு கிலோவுக்குள் இருந்தால் சிறிய அளவு, ஒரு வருஷம் வரை. இருபது கிலோ போனால் வணிக அளவு, பத்து வருஷத்துக்குக் குறையாது. எங்கள் பையன்களுக்கு மூன்றாம் வாய்ப்பாடு தெரியாது, இந்தக் கணக்கு தெரியும்.

2024 மார்ச்சில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். ஊரே தெருவுக்கு வந்தது. கஞ்சாவை ஒழிக்காத அரசாங்கமே என்று கத்தினார்கள். என் வீட்டிலிருந்தும் போனார்கள். அடிமட்டம் எழும்பினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தோம். இதையும் அவனிடம் சொன்னேன். செல்போனை அவன் பையில் வைத்தது அந்த ஒரு தடவைதான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஊர்ல சாராயமும் இருந்துச்சே பெரிப்பா" என்றான் மெதுவாக. என்னிடம் பதில் இல்லை. நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் திருவிழாவில் கையெழுத்து வேட்டையைத் தொடங்கினான். நானும் கூடப் போனேன், அடி விழுந்தால் தடுக்க.

முதலில் ஒரு விவசாயி, தூரத்துச் சொந்தம். ஒரு ஏக்கருக்கு எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, உரம் எத்தனை மூட்டை என்று கேட்டார். இமாச்சலப் பிரதேசத்தில் மருந்துக்கும் நாருக்கும் வளர்க்கலாம் என்று 2024-இல் சட்டமன்றத்திலேயே தீர்மானம் போட்டிருக்கிறார்கள், எம்.எல்.ஏ.க்கள் கமிட்டி ஊர் ஊராகப் போய் விவசாயிகளைக் கேட்டது என்று இவன் விளக்கினான். "கரும்புக்குப் பணம் வர்ற மாதிரிதான் இதுக்கும் வருமா?" என்றார் அவர். இவனுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை.

சாக்னா கடை அக்கா திருவிழாவுக்கென்று கொழுக்கட்டைக் கடை போட்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "அத இழுத்தா பசிக்குமா, பசிக்காதா?" என்றாள். பயங்கரமாகப் பசிக்கும் என்றான் இவன், அனுபவஸ்தன் மாதிரி. என்னைப் பார்த்து உடனே "சொல்லிக் கேட்டிருக்கேன்" என்று சேர்த்தான். "அப்ப வரட்டும், சாராயம் குடிக்கிறவன் ரெண்டு சுண்டலுக்கு மேல திங்கறதில்ல" என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். மனுவின் முதல் ஆதரவாளர் அவள்தான். கொள்கைத் தெளிவோடு போட்ட ஒரே கையெழுத்தும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கடை ஏலம் எடுக்கிறவரின் ஆள் ஒருவர் தாளை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "வாத்தியார் வீட்டுப் புள்ள இப்படிப் பண்ணலாமா? இளைஞர் சமுதாயம் என்னத்துக்கு ஆவும்?" என்றார். போட்டிக் கடை என்றால் யாருக்கும் சமுதாயம் நினைவு வரும்.

பிறகு இருட்டியது, வாணவேடிக்கை ஆரம்பித்தது. நான் கிழங்கு வாங்கப் போய்விட்டேன். அரை மணி கழித்துத் திரும்பி வந்தால் தம்பி மகனைச் சுற்றி வரிசை நிற்கிறது. ஐம்பது பேருக்குக் குறையாது. அதில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருவர் குனிந்து முதுகைக் காட்ட, அதில் அட்டையை வைத்து அடுத்தவர் எழுதுகிறார். பேனா மை தீர்ந்து, யாரோ தன் பேனாவைக் கொடுக்கிறார். இவனுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"பாத்தீங்களா பெரிப்பா? கேட்டா ஜனங்க தெளிவா இருக்காங்க. நாமதான் கேக்கறதே இல்ல."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ரேஷன் கார்டு நம்பர் இருந்தது. சிவப்பு அட்டை, மஞ்சள் அட்டை என்று அடைப்பில் எழுதியிருந்தார்கள். அதற்கும் பக்கத்தில்: கூரை வீடு, பின் சுவர். ஆடு 3. பீரோ, டிவி. மோட்டார் கொட்டகை. நெல் 11 மூட்டை.

டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் மேல் வந்தது. சோரியாங்குப்பம், குருவிநத்தம், கொமந்தான்மேடு என்று வரிசையாக மூழ்கின. புயலுக்காக ரேஷன் கார்டுக்கு ஐயாயிரம் என்று முதலமைச்சர் ரங்கசாமி அறிவித்திருந்தார். வெள்ளச் சேதத்துக்குத் தனியாக எழுத ஆள் வருவார்கள் என்று ஊர் ஐம்பது நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை இலை போட்ட தாளோடு, பேன்ட் சட்டை போட்டு, அட்டையும் கையுமாக ஒருவன் வந்து நின்றால் அவன் யார் என்று தனியாகக் கேட்பார்களா? இலை விவசாயத் துறையின் முத்திரை என்று நினைத்திருக்கிறார்கள்.

தம்பி மகனிடம் சொன்னேன். அவன் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு, நல்ல பையன், வரிசையைப் பார்த்து இது நிவாரணத்துக்கு இல்லை, கஞ்சாவுக்கு என்று உரக்கவே சொன்னான். ஒரு நிமிஷம் வாணவேடிக்கைச் சத்தம் மட்டும். சிலர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிலர் பேனாவை வாங்கித் தங்கள் பெயரை அடித்தார்கள். இரண்டு பேர், இருக்கட்டும், எந்த மனுவில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும் என்று அடிக்காமல் போனார்கள்.

வரிசையில் முன்னால் நின்ற ஒரு கிழவி மட்டும் நகரவில்லை. எழுத்துத் தெரியாது, விரலில் மை தடவக் கையை நீட்டியபடியே இருந்தாள்.

"பாட்டி, இது கஞ்சாவுக்கு."

"அது எதுக்கோ இருந்துட்டுப் போவுது, தம்பி. கன்னுக்குட்டி ஆத்தோட போயிடுச்சின்னு எழுதினியா?"